பத்தரை முதல் பன்னிரண்டு வரை

பத்தரை ஆகிவிட்டது, அடுப்புக்கு மேலே இருக்கிற பச்சை எழுத்துக் கடிகாரம் சொல்கிறது, இனிமேல் பன்னிரண்டு வரைக்கும் என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது, அதுவரைக்கும் நான் ராகுவின் பொறுப்பு. மலர்தான் கேட்டாள், காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மடிக் கம்ப்யூட்டரை இடுப்பில் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு, "எப்பா, இன்னைக்குச் சொல்லிரணும். செவ்வாக்கிழமை பிளேன் டிக்கெட்டை மாத்தணும்னா இன்னைக்குள்ள மாத்தணும். இருக்கீங்களா, போறீங்களா? இருக்கீங்கன்னா விசாவை நீட்டுத ஃபாரத்தை அனுப்பிருதேன். ஆறு மாசம் முடியுததுக்கு முன்னால அனுப்பிட்டா, பதில் வார வரைக்கும் இங்கனயே இருக்கலாம், தப்பில்ல" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரைப் பார்த்தேன், தூத்துக்குடியிலிருந்து பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது, வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரை டூ பன்னிரண்டு. "பத்தே கால் ஆயிட்டே மலரு, இப்பப் போயி அதைத் தொட வேண்டாம், பன்னெண்டு கழியட்டும், சொல்லுதேன்." "இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்குல்லா?" "யோசிச்சுச் சொல்லி முடிக்கையில அது வந்துரும்." அவள் சிரித்தாள். "உங்க ராகு அங்க சாப்பிட்டுட்டுப் படுக்கப் போயாச்சுப்பா, ஊர்ல இப்ப ராத்திரி ஏழே முக்கா." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அவளுக்கு ஆபீஸ் அந்த அறைதான், கதவுக்குப் பின்னாலிருந்து அவள் இங்கிலீஷ் கேட்கிறது, தமிழில் பேசுகிற மலர் வேறே, இந்த மலர் வேறே, இவளுக்குக் குரல் ஒரு படி மேலே நிற்கிறது, யாரோ பின்னால் நின்று தள்ளிவிடுகிற மாதிரி வேகம், ஆனால் சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு, அவள் அம்மா தங்கபுஷ்பத்தின் சிரிப்பு, முதலில் மூக்கில் ஆரம்பித்து அப்புறம்தான் வாய்க்கு வரும்.

இருக்கிறேன் என்று சொன்னால் முடிந்தது, ஒரு வார்த்தை, அதுதான் வாயில் வரமாட்டேன் என்கிறது. மகன் வீடாக இருந்தால் இத்தனை யோசனை இல்லை, எனக்கு மகன் இல்லை, இவள் ஒருத்திதான், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தகப்பன் தானாக வாயைத் திறந்து இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வான், மாப்பிள்ளை சொல்ல வேண்டும், மாமா இருங்கள் என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும், அதுதான் முறை. தங்கபுஷ்பம் உயிரோடு இருந்தவரை எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் பையைப் பிரிக்கவே மாட்டாள், குளிக்கும்போது சேலையை எடுப்பாள், மறுபடி ஜிப்பை இழுத்து மூடிவிடுவாள், ஏன் என்று கேட்டால் எதுக்கும் ரெடியா இருக்கணும்லா என்பாள். நானோ வந்த மறுநாளே பெட்டியைக் கவிழ்த்து வேட்டி சட்டை எல்லாம் அலமாரியில் அடுக்கியாச்சு, அவள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை துஷ்யந்தன் நல்ல பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டார், இந்த ஊர் டவுன் பஸ் ஓட்டுகிறார், விடியுமுன் போனால் மதியத்துக்கு முன்னால் வந்துவிடுவார், வந்ததும் "மாமா, சாப்பிட்டியளோ" என்று கேட்பார், ஆறு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை, ஆனால் இருங்கள் என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. நானும் வார்த்தைக்கு வார்த்தை காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், நேற்றுக்கூட சோறு போட்டுக்கொண்டே "ஊரில இப்ப மழை தொடங்கியிருக்கும் என்ன" என்றார், அது என்ன அர்த்தம், மழை தொடங்கிவிட்டது போய்ச் சேருங்கள் என்றா, இல்லை வெறும் மழையைப் பற்றித்தானா, நான் ஆமா என்று மட்டும் சொன்னேன்.

கடகடவென்று ஒரு சத்தம், ஃபிரிட்ஜ்தான், இந்த ஃபிரிட்ஜ் தானாகவே தண்ணீர் எடுத்துத் தானாகவே ஐஸ் போட்டுத் தானாகவே கொட்டிக்கொள்கிறது, வந்த புதிதில் நான் இதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், மலர் பார்த்துவிட்டு "எப்பா, டிவி அந்தப் பக்கம்" என்றாள். அவளுக்குத் தெரியும் எனக்கு இது என்ன என்று. முப்பத்தோரு வருஷம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை, உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் வரிசையாகத் தகரக் கேன்கள், கேனில் நல்ல தண்ணீர், அமோனியா வாடை மூக்கை அறுக்கும், ஒரு ராத்திரி ஒரு பகல் கழிந்தால் கேனுக்கு ஒரு ஐஸ் பார், ஐம்பது கிலோ, உறைந்ததா என்று மூடியைத் திறந்து பார்க்க மாட்டேன், கம்பியால் கேனில் ஒரு தட்டு தட்டுவேன், நடுவில் இன்னும் தண்ணீர் கிடந்தால் சத்தம் கொழகொழவென்று இருக்கும், உறைந்துவிட்டால் கோயில் தூணைத் தட்டின மாதிரி சுத்தமாக வரும், சூப்பர்வைசர் கூட என் காதைக் கேட்டுத்தான் கேனைத் தூக்கச் சொல்வார். அப்புறம் கிரஷரில் போட்டு உடைத்தால் ஐஸ் படகுக்குள் சரியும், நான் கீழே நின்று அகல வாய் இரும்புச் சவளால் அள்ளித் தள்ளுவேன், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், எனக்கோ இடுப்புக்குக் கீழே மார்கழி. கை எப்போதும் சில்லென்று இருக்கும். மலர் கைப்பிள்ளையாக இருக்கும்போது வேலை முடிந்து வந்து தூக்கினால் வீல் என்று அழுவாள், தங்கபுஷ்பம் சுடு தண்ணீர் டம்ளரை என் கையில் திணித்து, "முதல்ல இதைப் பிடிங்க, அப்புறம் பிள்ளையைப் பிடிங்க" என்பாள், நான் டம்ளரை உருட்டிக்கொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், கை சூடாவதற்குள் அது தூங்கிவிடும். இப்போது அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் இங்கிலீஷில் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், ராகு காலத்தில் மனசுக்குள் சொல்வதற்குத் தோஷம் கிடையாது. எனக்கு ஸ்னோ பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. அறுபத்தெட்டு வயசு ஆள், பல்லில் பாதி கழன்றாச்சு, ஸ்னோ பார்க்க வேண்டும் என்று சொன்னால் யார் சிரிக்க மாட்டார்கள். ஏப்ரலில் வந்து இறங்கினேன், இறங்கினபோது எல்லாம் உருகி முடிந்துவிட்டதாம், கார் நிறுத்துகிற இடத்து மூலையில் ஒரு குவியல் மட்டும் கிடந்தது, கரி மாதிரி கறுப்பு, மேலே பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு, "இதுதாம்பா ஸ்னோ, மிச்சம்" என்று மலர் காட்டினாள், நான் போய் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. இங்கே ஐஸ் கரைவதற்காக ரோட்டில் உப்பை வாரிப் போடுகிறார்கள், அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அங்கே நாங்கள் மூட்டை மூட்டையாக உப்பைத் தொட்டியில் கொட்டினது ஐஸ் பிடிப்பதற்கு, இங்கே அதே உப்பு ஐஸை விரட்டுவதற்கு. கேன் இல்லை, மோட்டார் இல்லை, அமோனியா இல்லை, கரண்ட் போய்விடுமோ என்கிற பயம் இல்லை, மேலே இருந்து சும்மா வந்து விழுமாம், ஒரே ராத்திரியில் முழங்கால் வரைக்கும், யார் ஷிப்டு பார்த்தது, யார் தள்ளினது. அது விழும்போது சத்தம் வருமா வராதா, அது எனக்குத் தெரிய வேண்டும். மலரிடம் ஒரு நாள் கேட்டேன், வராதுப்பா என்றாள், சத்தமில்லாமல் ஒரு பொருள் விழுமா, அவளுக்குக் காது பத்தாது, நான் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் காலையில் இருட்டோடே எழுந்ததும் பல் விளக்குமுன் காலண்டரில் தாள் கிழிக்கிறேன், சரக் என்று, ஒரு தாள் போனால் பனிக்கு ஒரு நாள் கிட்டே, கிழிக்கும்போது எனக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்துவிடும், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கணக்கு இடிக்கிறது, ஆறு மாசம் அடுத்த புதனோடு முடிகிறது, பனியோ நவம்பர் கடைசியில் என்கிறார்கள், நடுவே ஆறு ஏழு வாரம் பள்ளமாகக் கிடக்கிறது.

ஏர்போர்ட்டில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த ஆபீசர் அம்மா வேறு நினைவுக்கு வருகிறாள். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டதைப் பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் தமிழில் சொன்னான், நான் ஆறு விரல் காட்டி "ஆறு மாசம், அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன்" என்றேன், அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். அவளிடம் கொடுத்த வாக்கு என்ன ஆகிறது, மலரிடம் இதைச் சொன்னபோது, "அதுக்குத்தாம்பா முறையா கேட்டு எழுதுதோம், ஒளிஞ்சா இருக்கப் போறோம்" என்றாள், சரிதான், ஆனால் அந்த ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம், எதற்காக இன்னும் தங்க வேண்டும் என்று அதில் காரணம் எழுத வேண்டும், அதில் மலர் பொய் எழுதிவிடக் கூடாது, உடம்புக்கு முடியவில்லை என்று எழுதினால் நிஜமாகவே முடியாமல் போய்விடும். அந்தப் பயம் ஒன்று இருக்கிறது. குளிரில் இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால், பெட்டியில் வைத்து, சுற்றிலும் ஐஸ் வைத்து, விமானத்தின் அடியில் போட்டு அனுப்புவார்களாம், யோசித்துப் பார்த்தால் எத்தனை ஆயிரம் மீனை அப்படி அடுக்கி அனுப்பியிருப்பேன், வஞ்சிர மீனுக்கு வயிற்றுப் பக்கம் ரெண்டு பிடி கூடப் போட வேண்டும், வாலுக்குக் குறைத்துக்கொள்ளலாம், என்னை அடுக்குகிறவனுக்கு இந்தப் பக்குவம் தெரியுமா, யார் சொல்லித்தருவார்கள், சேச்சே என்ன நினைப்பு இது, ராகு காலம் தன் வேலையைக் காட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே வேலி மேல் ஒரு கறுப்பு அணில், எங்கள் ஊர் அணிலைப் போல ரெண்டு மடங்கு, முதுகில் கோடு இல்லை, வாயில் ஒரு கொட்டையைக் கவ்விக்கொண்டு பதைபதைத்து ஓடுகிறது, மண்ணில் புதைக்கிறது, பனி வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, அதற்கு டிக்கெட் இல்லை, ஃபாரம் இல்லை, இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வாசலில் சாவி திரும்புகிற சத்தம், மாப்பிள்ளைதான், சாவியை ரெண்டு முறை தப்பாகத் திருப்பி மூன்றாவது முறைதான் சரியாகத் திருப்புவார், மணி பதினொன்று ஐம்பது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், "சாப்பிட்டியளோ மாமா" என்றார். "இல்ல மாப்பிள்ளை, நீங்க வரட்டும்னு இருந்தேன். முதுகு வலிக்கோ?" "ஓம், நாரி நோகுது, சீட்டில இருந்து இருந்து." அதற்குள் மலரும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள், கம்ப்யூட்டர் மறுபடி இடுப்பில், "மணி ஆச்சு. ராகு எந்திரிச்சிட்டாரா?" என்றாள். "பத்து நிமிசம் இருக்கு." மாப்பிள்ளை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மலர், மாமாவைக் கரைச்சல்படுத்தாதை. அவருக்கு ஊருக்குப் போக எவ்வளவு ஆசையெண்டு எனக்குத் தெரியும்" என்றார். எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. "யாரு சொன்னா மாப்பிள்ளை?" "ஒருத்தரும் சொல்லேல்லை. காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்தானே. எழும்பின உடனை கலண்டரைக் கிழிச்சுப்போட்டு முகத்தில ஒரு சிரிப்பு. மனுசன் நாள் எண்ணுறார் எண்டு நினைச்சன். இருங்கோ எண்டு நான் கேட்டா உங்களால மறுக்க ஏலாமல் போயிடும், அதுதான் வாய் திறக்கேல்லை." அட, ஆறு மாதமாக இந்த மனுஷன் அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் இந்தப் பக்கம் நின்று இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், நடுவில் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நெஞ்சுக்குள் ஏதோ கட்டி மெல்ல வழுக்கிக் கீழே இறங்கின மாதிரி இருந்தது, கேனைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பார் தகரத்தை விட்டுப் பிரியும் பாருங்கள், அந்த மாதிரி. "மாப்பிள்ளை, ஸ்னோ எப்ப விழும்?" என்று கேட்டுவிட்டேன். "அதை ஏன் கேக்கிறியள்? அது பெரிய கரைச்சல். விடியமுன்னம் எழும்பி, வாசல், நடைபாதை, கார் நிக்கிற இடம் முழுக்க வழிச்சுத்தான் வேலைக்குப் போகோணும். போன வருசம் நாரி பிடிச்சு ரெண்டு கிழமை படுத்தனான்." "எதை வச்சு வழிப்பீங்க?" "சவள்தான்." சவள். அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்து வாயிலும் கேட்டது எனக்கு என்னமோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. "நான் வழிக்கேன் மாப்பிள்ளை. முப்பத்தோரு வருசம் அதானே பாத்தேன். எனக்கு அது விழுததைப் பாக்கணும், அதுக்குத்தான் அந்தத் தாளைக் கிழிச்சது" என்றேன், சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். அப்புறம் மூக்கில் ஆரம்பித்தது மலரின் சிரிப்பு, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், "இதைச் சொல்லதுக்கு ஒன்றரை மணி நேரமாப்பா?" என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை, கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு நேராக நின்று, "மாமா, இருங்கோ. நான் கேக்கிறன். எனக்காக இருங்கோ" என்றார், முறைப்படி, கல்யாண வீட்டில் அழைக்கிற மாதிரி.

பன்னிரண்டும் ஆனது, மலர் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை விரித்தாள், அப்போதுதான் மாப்பிள்ளை "கொஞ்சம் பொறு" என்று அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த வேறொரு காலண்டரைத் திறந்து காட்டினார், இந்த ஊர் முருகன் கோயிலில் கொடுத்தது, இந்த ஊர்ச் சூரியனுக்குக் கணித்ததாம், வெள்ளிக்கிழமை ராகு காலம் பதினொன்று முப்பத்தேழிலிருந்து ஒன்று ஐந்து வரை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை பார்த்தேன், அது மாறவில்லை. அப்படியென்றால் காலையில் பத்தே காலுக்கு அவள் கேட்டபோது நல்ல நேரம், நல்ல நேரம் முழுக்க நான் ராகுவுக்குப் பயந்து சும்மா உட்கார்ந்து கழித்துவிட்டு, இப்போது அவர் வாசலில் சரியாக வந்து நிற்கிறேன். "ஒண்ணு அஞ்சு வரைக்கும் வெயிட் பண்ணலாம்பா, எனக்கு மீட்டிங் இல்ல" என்றாள் மலர், கேலி இல்லை, நிஜமாகத்தான் சொன்னாள். நான் யோசித்தேன், ஒரு நிமிஷம்தான், இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மறுபடி மீன் மாதிரி என்னை நானே அடுக்க ஆரம்பித்துவிடுவேன். "வேண்டாம். எழுது" என்றேன். "காரணம்?" "உள்ளதை எழுது." அவள் தட்டினாள், கொஞ்ச நேரம் தட்டினாள், விசைகளின் சத்தம் தகரக் கொட்டகையில் முதல் மழை மாதிரி, பிறகு எனக்காகத் தமிழில் வாசித்தாள், "என் தகப்பனார் முப்பத்தோரு ஆண்டுகள் ஐஸ் தயாரிக்கும் வேலை செய்தவர். அது வானத்திலிருந்து விழுவதை அவர் ஒரு முறையும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்." "சிரிப்பாங்களா?" "சிரிக்கட்டும்பா." அனுப்புகிற பொத்தானை என்னையே அமுக்கச் சொன்னாள், என் விரல் பெரிசு, கூடவே நாலு விசை அமுங்கிவிடுமோ என்று பயம், நகத்து நுனியால் அமுக்கினேன், திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது, ஒரு பச்சைக் குறி வந்தது. பதில் என்ன வரும், எப்போது வரும், மலருக்கும் தெரியாது. வருகிறவரைக்கும் நான் இங்கே இருக்கலாம், அதில் தப்பில்லை.

சாப்பிடக்கூட விடவில்லை நான், "அந்தச் சவள் எங்க இருக்கு மாப்பிள்ளை, ஒரு பார்வை பாத்துருவோம்" என்று கிளப்பிவிட்டேன், அவர் சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டு காரேஜைத் திறந்தார், பழைய டயர்களுக்குப் பின்னாலிருந்து இழுத்து எடுத்தார், நீல நிறம், அகலமான வாய், பிடியை வாங்கினேன், கை தானாக மேலே போய்விட்டது, அத்தனை லேசு. "இது பிளாஸ்டிக்லா மாப்பிள்ளை. எங்க சவளு இரும்பு, நாலு கிலோ. இதுல ஒரு ஐஸ் கட்டி விழுந்தா வாய் பிளந்துரும்." "கட்டியெல்லாம் விழாது மாமா. இது தூள். ஊதினாப் பறக்கும்." ஊதினால் பறக்கிற ஐஸ். முப்பத்தோரு வருஷம் என் தோளில் ஏறி உட்கார்ந்த ஐஸுக்கு எடை உண்டு, என் முழங்காலைக் கேட்டால் சொல்லும், எடையில்லாத ஐஸை எந்தப் பக்கமாகக் குனிந்து எடுப்பது, எவ்வளவு விசையில் எறிவது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி வைத்து, சிமெண்டுத் தரையில் சவளை உரசினேன், அதன் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டேன், கால் பங்கு பலத்தில் இன்னும் விழாத பனியை வாரி இடது தோளுக்கு மேலாக வீசினேன். என் பின்னால் நின்றிருந்த மாப்பிள்ளை, பஸ் உடுப்பைக் கையால் பொத்திக்கொண்டு, சட்டென்று ரெண்டு அடி தள்ளி நின்றார்.